போன காசு திரும்பி வருமா?

தீபாவளி மாதத்தில் சிங்கப்பூரின் தேக்கா சாலைகளில் விளக்கு எரியும். அடுத்த மாதம் கார்டு பில்லைப் பார்த்து வயிறு எரியும். வாங்கிய பொருள் வராதவர்கள், வந்தது உடைந்திருந்தவர்கள், இன்னும் ஒன்றும் வாங்காமலே பயந்துபோனவர்கள் என்று மூன்று வகையினர் இம்முறை எழுதியிருக்கிறார்கள். பெயரைப் போடாதீர்கள் என்று கேட்பதில் மட்டும் மூவருக்கும் ஒற்றுமை.

கே: தேக்காவுக்குப் போக அலுத்துக்கொண்டு இணையத்தில் பட்டுப்புடவை வாங்கினேன். ஆறு வாரமாகிவிட்டது. புடவை வரவில்லை, பில் மட்டும் தவறாமல் வந்தது. 240 வெள்ளி. திரும்பக் கிடைக்குமா? (காத்திருக்கும் அக்கா, செம்பவாங் டிரைவ்)

ப: செம்பவாங்கில் ரயிலேறி நியூட்டனில் மாறினால் அடுத்த நிலையம் தேக்கா, அக்கா. சரி, போனது போகட்டும். கார்டில் கொடுத்திருப்பதால் ஒரு வழி இருக்கிறது. அதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். உங்கள் காசு கடைக்காரருடைய வங்கி வழியாகத்தான் அவர் கைக்குப் போயிருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி உங்கள் வங்கி அந்த வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்கும். பொருளைக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரரின் பொறுப்பு.

முதலில் கடைக்கு எழுதுங்கள். பேசினால் போதாது, எழுத வேண்டும். 'இன்ன தேதிக்குள் புடவை வர வேண்டும், இல்லையென்றால் பணம் வேண்டும்' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியை அழைத்து 'டிஸ்பியூட்' படிவம் வாங்குங்கள். பொருள் வராத வழக்கில், அது வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து பொதுவாக 120 நாள் கெடு. பில் கிடைத்த சில நாட்களுக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும் என்று பல வங்கிகளின் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஆகவே அடுத்த தீபாவளி வரை யோசிக்காதீர்கள்.

கே: சார்ஜ்பேக் கேட்பது என் சட்டப்படியான உரிமைதானே? வங்கியில் போய் ஒரு சத்தம் போடலாமா? (கோபக்காரர், கேன்பரா)

ப: லண்டனில் இருந்தால் போடலாம். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்குக் கடைக்காரரோடு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாளி ஆக்குகிறது. அமெரிக்காவிலும் அதே 1974இல் ஒரு சட்டம் வந்தது. சிங்கப்பூரில் அப்படியொரு சட்டம் இல்லை. இங்கே சார்ஜ்பேக் என்பது கார்டு நிறுவனங்கள் வங்கிகளுக்குப் போட்ட விதி. அதனால் சத்தத்தை வீட்டில் வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.

கே: கடைக்காரரிடம் கேட்காமல் நேரே வங்கிக்குப் போனால் என்ன? (நேரம் இல்லாதவர், உட்லண்ட்ஸ்)

ப: மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்பந்தி வீட்டில் பஞ்சாயத்து வைப்பதைப் போல. 'அவரிடம் கேட்டீர்களா?' என்பதுதான் வங்கியின் முதல் கேள்வியாக இருக்கும்.

கே: ஓடிபி எண்ணை நானேதான் போட்டேன். 'ஓடிபி போட்டால் கதை முடிந்தது' என்கிறான் மகன். உண்மையா? (குழம்பிய அம்மா, செம்பவாங் கிரசன்ட்)

ப: மகன் பாதி சரி, அம்மா. 'இந்தச் செலவை நான் செய்யவே இல்லை' என்று புகார் சொன்னால் ஓடிபி உங்களுக்கு எதிரான சாட்சி. 'நான்தான் வாங்கினேன், பொருள் வரவில்லை' என்பது வேறு புகார். அங்கே ஓடிபியால் உங்களுக்குக் கெடுதல் இல்லை. வாங்கினேன் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களே! பொருள் வரவில்லை, வந்தது பழுது, விளம்பரத்தில் சொன்னது ஒன்று வந்தது வேறு, திருப்பித் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை, ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு எடுத்தார்கள்... ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல் உண்டு. கோயிலில் அர்ச்சனைச் சீட்டைப் பிரசாத வரிசையில் நீட்டினால் நடக்குமா? வங்கியிடம் பேசும்போது 'ஏமாந்துவிட்டேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படி ஏமாந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கே: 'நான் வாங்கவே இல்லை' என்று அடித்துச் சொன்னால் காசு சீக்கிரம் வருமாமே? (கெட்டிக்காரத் தம்பி, ஈசூன்)

ப: உன் கைப்பேசி, உன் ஓடிபி, உன் வீட்டு முகவரி, பொட்டலம் வாங்கியபோது போட்ட உன் கையெழுத்து. இத்தனையையும் மீறித் திருடன் வந்து உன் அளவுக்கே சட்டை வாங்கினான் என்று வங்கி நம்ப வேண்டும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் படிப்பில் காட்டு, தம்பி.

கே: 'பேநவ்வில் போட்டால் 10 விழுக்காடு தள்ளுபடி' என்கிறார் சோபா விற்பவர். போடலாமா? (புது வீட்டுக்காரர், செம்பவாங்)

ப: பத்து விழுக்காட்டைத் தள்ளுகிறார், கூடவே உங்கள் பாதுகாப்பையும் தள்ளிவிடுகிறார். பேநவ் 2017 ஜூலையில் வந்தது. கோப்பிக்கடை முதல் கோயில் உண்டியல் வரை அதுதான் வசதி. ஆனால் அது ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நொடியில் போகும் காசு. நடுவில் நின்று திருப்பிக் கேட்க விசாவும் இல்லை, மாஸ்டர்கார்டும் இல்லை. பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுப்பதற்கு பேநவ் போதும். 'எட்டு வாரத்தில் சோபா வரும்' என்பவருக்குக் கார்டு. கார்டே எடுக்கமாட்டேன் என்றால் முன்பணத்தைக் குறையுங்கள், மிச்சத்தை சோபாவில் உட்கார்ந்துகொண்டு கொடுங்கள்.

கே: என்னிடம் டெபிட் கார்டுதான் இருக்கிறது. எனக்கு இந்த வழி கிடையாதா? (மாணவி, அட்மிரல்டி)

ப: உண்டு. விசா, மாஸ்டர்கார்டு வழியாகப் போன காசு என்றால் டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் கேட்கலாம். ஒரே வித்தியாசம்: கிரெடிட் கார்டு வழக்கில் மாட்டிக்கொண்டிருப்பது வங்கியின் காசு, டெபிட் கார்டில் உங்கள் சாப்பாட்டுக் காசு.

கே: புதுக் கிரைண்டர் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். (மாவு ஊறவைத்துவிட்டவர், செம்பவாங் வே)

ப: அச்சடிக்க யாராலும் முடியும். இங்கே 2012 செப்டம்பர் 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் லெமன் லா. தமிழில் எலுமிச்சைச் சட்டம் என்றால் ஊறுகாய் ஞாபகம் வருகிறது. பழுதுப்பொருள் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர். முதலில் அவர் தன் செலவில் பழுது பார்க்க வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். நியாயமான காலத்தில் அது நடக்காவிட்டால் விலையில் ஒரு பகுதியையோ முழுப் பணத்தையோ கேட்கலாம். ரசீதில் உள்ள ஒரு வரி இந்தச் சட்டத்தை அழித்துவிடாது. ஆறு மாதம் தாண்டினால் நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். பழைய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் வாங்கும்போதே சொல்லிக் காட்டிய குறைக்கும், நீங்களே கீழே போட்டு உடைத்ததற்கும் கிடையாது.

கே: புடவை நல்ல புடவைதான். நிறம் பிடிக்கவில்லை. கார்டு நிறுவனம் காசு தருமா? (மனசு மாறியவர், ஈசூன்)

ப: தராது. பிடிக்காமல் போனது பொருளின் குறை இல்லை. மனசு மாறினால் திருப்பி எடுக்க வேண்டும் என்று இங்கே சட்டமும் இல்லை. எடுத்துக்கொண்டால் அது கடைக்காரரின் பெருந்தன்மை. படத்தில் மாம்பழ மஞ்சளைக் காட்டிவிட்டுக் கத்தரிப்பூ நிறத்தை அனுப்பியிருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள். அது வேறு வழக்கு.

கே: காசு திரும்பி வந்தால் பங்குனி உத்திரத்துக்குப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பலிக்குமா? (பக்தை, செம்பவாங்)

ப: 120 நாளுக்குள் படிவத்தைக் கொடுத்திருந்தால் பலிக்கும். வேண்டுதலை முருகனிடம் வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை வங்கியிடம் வையுங்கள். இடம் மாற்றி வைத்துவிடாதீர்கள்.

கே: என்னென்ன ஸ்கிரீன்ஷாட்? (ஒழுங்கானவர், மார்சிலிங்)

ப: விளம்பரப் பக்கம், ஆர்டர் உறுதிக் கடிதம், என்றைக்கு வரும் என்று அவர்கள் சொன்ன தேதி, கடைக்காரரோடு நடந்த உரையாடல் முழுவதும், பொட்டலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கம். உடைந்து வந்தால் பெட்டியோடு படம். பழுதான பொருளைத் திருப்பி அனுப்பினீர்களா, அனுப்பத் தயார் என்றாவது எழுதினீர்களா என்றும் கேட்பார்கள். வாங்கும் அன்றைக்கே விளம்பரத்தைப் படம் பிடித்து வையுங்கள். ஏமாற்றுகிறவர்கள் முதலில் அழிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

கே: இவ்வளவு அறிவுரை சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது தோற்றிருக்கிறீர்களா? (குறும்புக்காரர், செம்பவாங்)

ப: தோற்றிருக்கிறேன். வாசலில் வைக்க இடுப்புயரக் குத்துவிளக்கு வேண்டும் என்று ஆசை. இணையத்தில் ஒரு விளக்கு, பக்கத்தில் '30' என்று கொட்டை எழுத்தில். 30 அங்குலம் என்று நானே முடிவுசெய்து வாங்கினேன். வந்த விளக்கின் உயரம் பேரனின் பள்ளிக்கூட அடிக்கோல் அளவு. கொதித்துப்போய் வங்கியை அழைத்தேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார்: 'விளம்பரத்தில் என்ன போட்டிருந்தது, சார்?' போய்ப் பார்த்தேன். 30க்குப் பக்கத்தில் எறும்பு அளவில் செ.மீ. இருந்தது. விற்றவர் சொன்னதைத்தான் அனுப்பியிருந்தார். விளக்கு இப்போது பூஜை அலமாரியில் எரிகிறது. எனக்குத் தேவைப்பட்ட வெளிச்சம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

கே: உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பாதி விலையாம். கட்டலாமா? (தொப்பைக்காரர், செம்பவாங்)

ப: தொப்பை குறையுமோ என்னவோ, சேமிப்பு குறையலாம். 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் இங்கே கதவை மூடியபோது, முன்கூட்டிக் கட்டியவர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். இப்படி ஒரு நிறுவனம் முழுகும்போது ரொக்கமாகக் கட்டியவருக்குக் கடன்காரர்கள் வரிசையில் கடைசி இடம்தான். கார்டில் கட்டியவருக்கு வங்கி என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. இன்னும் பயன்படுத்தாத மாதங்களுக்கு உரிய பணத்தைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த வாசலும் எப்போதும் திறந்திருக்காது. விசா விதியில், சேவை எப்போது நின்றிருந்தாலும், காசு கட்டிய நாளிலிருந்து 540 நாள் தாண்டினால் கதவு சாத்தப்படும். இரண்டு வருடம் என்பது 730 நாள். மிச்சக் கணக்கை நீங்களே போடுங்கள். மாதா மாதம் கட்டுங்கள்; அப்போதுதான் போகவும் தோன்றும்.

கே: வட்டியில்லாத் தவணையில் வாங்கிய மெத்தை வரவில்லை. தவணையை நிறுத்திவிடவா? (தூக்கமில்லாதவர், உட்லண்ட்ஸ்)

ப: நிறுத்தாதீர்கள். கடைக்காரருக்கு வங்கி எப்போதோ மொத்தமாகக் கொடுத்துவிட்டது. நீங்கள் நிறுத்தினால் வங்கியின் கண்ணுக்கு மெத்தை தெரியாது, பாக்கி மட்டும்தான் தெரியும். தாமதக் கட்டணம், ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி, கடன் பதிவேட்டில் கறை. முதலில் டிஸ்பியூட் கொடுங்கள். அது முடியும்வரை இந்தத் தொகையை நிறுத்தி வைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மற்ற செலவுகளுக்கான பணத்தை நாள் தவறாமல் கட்டுங்கள்.

கே: கேட்ட பணத்தை வங்கி கணக்கில் போட்டுவிட்டது. கொண்டாடலாமா? (சந்தோஷமானவர், செம்பவாங்)

ப: பெண் பார்த்தாயிற்று, தாலி இன்னும் ஏறவில்லை. அது பெரும்பாலும் தற்காலிக வரவு. கடைக்காரர் தன் அத்தாட்சிகளோடு எதிர்வாதம் செய்யலாம். அவர் வென்றால் அந்தப் பணம் வந்த வழியே போய்விடும். 'முடிந்துவிட்டது' என்ற கடிதம் வந்த பிறகு கேசரி கிண்டுங்கள்.

கே: ரூபாயில் வாங்கிய பொருளுக்குத் திரும்பி வந்தது நான் கட்டியதைவிட மூன்று வெள்ளி குறைவு. யார் எடுத்தது? (கணக்குப் பார்ப்பவர், செம்பவாங்)

ப: நாணய மாற்று விகிதம் எடுத்தது. போன நாளின் விகிதம் வேறு, வந்த நாளின் விகிதம் வேறு. வெளிநாட்டுச் செலவுக்கான வங்கிக் கட்டணமும் இடையில் நிற்கும். மூன்று வெள்ளிக்காக அரை நாள் தொலைபேசியில் காத்திருந்தால், உங்கள் அரை நாளின் விலை என்ன?

கே: விமான நிறுவனமே மூடிவிட்டால்? (ஊருக்குப் போகிறவர், அட்மிரல்டி)

ப: ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதியோடு பறப்பதை நிறுத்தியது. சீட்டு வைத்திருந்தவர்கள் தரையில் நின்றார்கள். விற்ற சேவை நடக்காமல் போனதும் 'வரவில்லை' வகைதான். சீட்டை முகவர் மூலம் வாங்கியிருந்தால் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். புகார் அந்தப் பெயர்மீதுதான் போகும்.

கே: 'முதல் மாதம் இலவசம்' என்றார்கள். இப்போது மாதா மாதம் 19 வெள்ளி போகிறது. கார்டையே வெட்டிப் போட்டுவிட்டேன். (வெட்டியவர், கேன்பரா)

ப: வெட்டியது பிளாஸ்டிக்கைத்தான், ஒப்பந்தத்தை இல்லை. புதுக் கார்டு வாங்கினாலும் பழைய சந்தா அதன் பின்னாலேயே வரக்கூடும். முதலில் சந்தாவை ரத்து செய்து அதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள். ரத்து செய்த பிறகும் எடுத்த காசுக்கு டிஸ்பியூட் கொடுக்கலாம். படிக்காமல் ஒப்புக்கொண்ட மாதங்களுக்கு உங்கள் கட்டைவிரல்தான் பொறுப்பு.

கே: கார்டு தொலைந்துவிட்டது. யாரோ 600 வெள்ளிக்குச் செலவு செய்துவிட்டார். (பதற்றமானவர், செம்பவாங்)

ப: இதைப் படித்து முடிக்கும் முன் வங்கியை அழையுங்கள். உடனே தெரிவித்து, உங்கள் பக்கம் மோசடியோ பெரிய கவனக்குறைவோ இல்லையென்றால், இங்குள்ள வங்கிகளின் நடைமுறைப்படி உங்கள் பொறுப்பு 100 வெள்ளியோடு நிற்கும். வங்கியிலிருந்து என்று சொல்லி யாராவது அழைத்து, அது மோசடியோ என்று சந்தேகம் இருந்தால் 1799 எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கே: வங்கி கைவிரித்துவிட்டது. அவ்வளவுதானா? (மனந்தளராதவர், செம்பவாங்)

ப: இல்லை. கடைக்காரர் சிங்கப்பூரில் இருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் உண்டு. 1971இல் தொடங்கியது, கேஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரரோடு பேசி முடித்துவைக்கப் பார்ப்பார்கள். அதிலும் முடியாவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5,000 வெள்ளிக்கு மிகாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, ஆகவே அந்தச் செலவும் இல்லை.

வென்ற பிறகும் வேடிக்கை நடக்கும் என்பதற்கு 2014 சாட்சி. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கைப்பேசிக் கடை, மன்றம் தரச் சொன்ன ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியை ஒரு பெண்ணுக்குச் சில்லறைக் காசாக மூட்டை கட்டிக் கொடுத்தது. ஊரே கொதித்தது. மறு ஆண்டு அந்தக் கடைக்காரர் வாடிக்கையாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 33 மாதச் சிறைக்குப் போனார்.

கடைக்காரர் கண்காணாத நாட்டில் இருந்தால் இந்த மன்றத்தின் கை எட்டாது. அப்போது கார்டு விதி ஒன்றுதான் கடல் தாண்டும். வங்கி உங்கள் புகாரைச் சரியாகக் கையாளவில்லை என்று தோன்றினால், 2005 முதல் இயங்கும் நிதித் துறைப் பூசல் தீர்வு நிலையமான ஃபிட்ரெக்கை அணுகலாம்.

கே: அறுபதுகளில் நான் செம்பவாங் கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்தேன். மளிகையெல்லாம் கடன்தான், சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்போம். அன்றைக்கு இந்த சார்ஜ்பேக் எல்லாம் இருந்ததா? (தாத்தா, செம்பவாங்)

ப: இருந்தது ஐயா. உங்கள் சட்டைப்பையிலேயே இருந்தது. அட்டையில் 555 என்று போட்ட அந்தக் குட்டிக் கணக்குப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் அதில் எழுதிக் கொடுப்பார். அரிசியில் வண்டு இருந்தால் மறுநாளே போய்க் காட்டுவீர்கள், அவர் அந்த வரியை அடித்துவிடுவார். ஏன் அடித்தார்? காசு இன்னும் உங்கள் கையில் இருந்தது. நாளைக்கும் நீங்கள் அந்தக் கடைக்குத்தான் வருவீர்கள். இன்றைக்கு விற்கிறவரை நமக்குத் தெரியாது, நம்மை அவருக்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒரு வங்கி உட்கார்ந்து அந்த வரியை அடிக்கலாமா என்று 120 நாளுக்குள் கேட்கச் சொல்கிறது, படிவத்தோடு.

கே: எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லுங்களேன். (அவசரக்காரர், செம்பவாங் எம்ஆர்டி)

ப: வண்டைக் காட்ட அரிசியை வைத்திருங்கள். ரயில் வந்துவிட்டது, ஏறுங்கள்.